கூரைச் சூடு தணிக்க எதைப் போடலாம்? பழசானால் அதை எங்கே போடலாம்?



பங்குனி பிறந்துவிட்டால் நம் குழுக் கூட்டங்களில் கடன் கேட்கும் காரணங்களும் மாறிவிடுகின்றன. "வீட்டுக்குள்ள உட்கார முடியலைங்க, கூரைக்கு ஏதாவது பண்ணணும்" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டு மூன்று பேராவது சொல்கிறார்கள். ஒருவர் தகரத்தை எடுத்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போடக் கேட்கிறார். ஏற்கெனவே ஷீட் போட்டவர் அதற்குக் கீழே தெர்மாகோல் சீலிங் அடிக்கக் கேட்கிறார். "எது நல்லது? எதுக்குக் கடன் கொடுக்கலாம்?" என்று ஊக்குநர்கள் எங்களிடம் கேட்கிறார்கள். அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறோம். கூரைச் சூட்டைக் குறைக்கக் கடன் கேட்பது ஆடம்பரம் இல்லை. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. பகலெல்லாம் வயலிலோ சூளையிலோ வேலை பார்த்துவிட்டு வருகிற உடம்பு ராத்திரியாவது ஆற வேண்டும். வீட்டுக்குள்ளும் அனல் என்றால் கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர்கள் முதலில் படுத்துவிடுவார்கள்.

ஆனால் கடையில் நாம் கேட்பதெல்லாம் இரண்டு கேள்விதான்: "என்ன விலை? எத்தனை வருஷம் உழைக்கும்?" மூன்றாவதாக ஒரு கேள்வியும் இருக்கிறது. உடைந்து போனால், பழசாகிப் போனால், இது எங்கே போகும்? கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார். அது போகிற இடம் நமக்குத் தெரியும்: குப்பைமேடு, குளத்தங்கரை, வீட்டுக் கொல்லை, சில சமயம் அடுப்பு. அங்கே அதை அள்ளுவதும் கூட்டுவதும் கொளுத்துவதும் பெரும்பாலும் பெண்கள்தான். நம் ஊராட்சியின் தூய்மைக் காவலர்களில் எத்தனை பேர் நம் குழு உறுப்பினர்கள் என்று எண்ணிப் பாருங்கள், புரியும்.

சூட்டைத் தடுப்பது எது?

ஐஸ் பாரை உமியிலோ மரத்தூளிலோ புதைத்து வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். உமி குளிர்ச்சியான பொருள் என்பதால் அப்படி வைப்பதில்லை. உமிக்கு நடுவில் அசையாமல் காற்று தங்குகிறது. அசையாத காற்று சூட்டை எளிதில் கடத்தாது. வெளிச்சூடு ஐஸிடம் போய்ச் சேர நேரமாகிறது. அவ்வளவுதான் விஷயம்.

கட்டடங்களில் பயன்படும் வெப்பத்தடுப்புப் பொருள்களில் பெரும்பாலானவை இந்த வேலையைத்தான் செய்கின்றன. தெர்மாகோலில் 100 பங்கில் சுமார் 98 பங்கு காற்று. கண்ணாடிப் பஞ்சிலும் தென்னை நாரிலும் கீற்றிலும் இப்படித்தான் காற்று சிக்கி நிற்கிறது. இன்னொரு வழியும் உண்டு. கூரை மேல் வெள்ளை அடித்தால், விழுகிற வெயிலில் பெரும்பகுதி உள்ளே இறங்காமல் அப்படியே திரும்பிப் போய்விடும்.

ஆக, சூட்டைத் தடுக்க விலை உயர்ந்த பொருள்தான் வேண்டும் என்பதில்லை. இனி ஒவ்வொரு பொருளாகப் பார்ப்போம்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்

தமிழில் இதைக் கல்நார் என்பார்கள். பூமியில் இருந்து வெட்டி எடுக்கும் ஒரு வகைக் கல். நார் நாராகப் பிரியும், நெருப்பில் எரியாது. அதனால்தான் வெளிநாடுகளில் ஒரு காலத்தில் கொதிகலன், குழாய், சுவர் எல்லாவற்றுக்கும் வெப்பத்தடுப்பாக இதையே சுற்றினார்கள். நாம் வாங்கும் ஷீட்டில் பத்தில் ஒரு பங்கு போலத்தான் கல்நார் இருக்கும், மீதி சிமெண்ட். தகரத்தை விடச் சூடு குறைவு என்று நம்பி வாங்குகிறோம். ஆனால் அந்த மெல்லிய ஷீட் தனியாகச் சூட்டைப் பெரிதாகத் தடுப்பதில்லை. சித்திரை மத்தியானத்தில் அதன் கீழே உட்கார்ந்தவர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

பிரச்சினை அந்த நாரில் இருக்கிறது. ஷீட்டை அறுத்தால், உடைத்தால், துளை போட்டால் நார் தூசியாகப் பறக்கும். தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லியது, கண்ணுக்குத் தெரியாது. மூச்சில் போய் நுரையீரலில் தங்கிவிட்டால் கரையாது, வெளியேயும் வராது. நுரையீரல் இறுகிப் போகும் நோய், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் புற்றுநோய் ஆகியவை இதனால் வருகின்றன. உடனே வராது. 20, 30, 40 வருஷம் கழித்து வரும். அதனால்தான் "நான் இத்தனை வருஷமா உடைக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று சொல்லத் தோன்றுகிறது.

இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் நெல்லி கெர்ஷா என்ற பெண் கல்நார் நூற்கும் ஆலையில் வேலை பார்த்தார். மூச்சுத் திணறி 1924-ல் இறந்தபோது அவருக்கு வயது 33. வில்லியம் குக் என்ற மருத்துவர் அவருடைய நுரையீரலைச் சோதித்து, கல்நார்த் தூசிதான் காரணம் என்று மருத்துவ இதழில் எழுதினார். கல்நாரால் வந்த மரணம் பற்றி மருத்துவ உலகம் முதலில் எழுதி வைத்தது நம்மைப் போன்ற ஒரு தொழிலாளிப் பெண்ணின் கதையைத்தான். பிற்பாடு வேறொன்றும் தெரியவந்தது. ஆலைக்கே போகாத பெண்களுக்கும் அதே நோய் வந்தது. கணவர் வேலையில் இருந்து வந்து கழற்றிப் போட்ட துணியை உதறித் துவைத்தவர்கள் அவர்கள்.

எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வேலையிடத்தில் கல்நாரோடு புழங்கியதால் உலகம் முழுக்க ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறக்கிறார்கள் என்பது அந்த நிறுவனத்தின் மதிப்பீடு. 50-க்கும் மேற்பட்ட நாடுகள் இதைத் தடை செய்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் தடை. நம் நாட்டில் ஷீட் தயாரிக்கவும் விற்கவும் அனுமதி உண்டு. ஆனால் 1995-ல் உச்ச நீதிமன்றம், கல்நார் ஆலைகள் தங்கள் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டை வேலைக்குச் சேர்ந்ததில் இருந்து குறைந்தது 40 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நோய் எவ்வளவு தாமதமாக வரும் என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். 2024-ல் தொடங்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தின் விதிகளிலும், கட்டுகிற வீட்டுக்கு ஓலைக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ போடக் கூடாது என்று இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, ஷீட் வீட்டில் இருப்பவர்கள் பயந்து போக வேண்டாம். உடையாமல், விரிசல் இல்லாமல் கூரையில் இருக்கும் ஷீட்டில் நார் சிமெண்டோடு பிணைந்திருக்கிறது. ஆபத்து பெரிதாவது உடைக்கும்போதும் அறுக்கும்போதும் பொடியாகும்போதும்தான். அவசரப்பட்டு அடித்து நொறுக்கி எடுப்பது, இருந்தபடி விடுவதை விட மோசம்.

நம் ஊர்களில் நாங்கள் பார்ப்பது என்ன? உடைந்த துண்டுகளை இடித்து வாசல் பள்ளத்தை நிரப்புகிறோம். அடுப்புக்குக் காற்று மறைப்பாக வைக்கிறோம். கோழிக் கூண்டுக்கு மூடியாக வைக்கிறோம். துணி துவைக்கும் இடத்தில் பரப்பி வைக்கிறோம். தண்டவாளம் போலப் பிள்ளைகள் அடுக்கி விளையாடுகிறார்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோது நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளில் எத்தனை வீட்டுக் கூரைகள் பறந்து நொறுங்கின! புயல் போனதும் வீட்டைக் கூட்டிச் சுத்தம் செய்தவர்கள் யார்? அப்படிப்பட்ட நேரத்தில் காய்ந்த துடைப்பத்தால் கூட்டுவதுதான் மிகவும் கெடுதல்.

கல்நார் ஷீட்டை மறுசுழற்சி செய்ய நம் பக்கத்தில் வழி கிடையாது. சட்டப்படி கல்நார்க் கழிவு அபாயக் கழிவு. மட்கும் குப்பையிலும் சேராது, மட்காத குப்பையிலும் சேராது. விலை குறைவு என்று வாங்கினாலும், கடைசியில் கழிக்க வழியில்லாத பொருளாக அது நம் கொல்லையிலேயே நிற்கிறது.

தெர்மாகோல்

ஷீட் வீட்டில் சூடு தாங்காமல் கீழே தெர்மாகோல் சீலிங் அடிக்கிறோம். சூட்டைத் தடுப்பதில் இது கெட்டிக்காரப் பொருள்தான். பெரிய கட்டடங்களில் சுவருக்குள்ளும் தளத்துக்குள்ளும் மூடி வைத்தால் பல வருஷம் இருந்து மின்சாரச் செலவைக் குறைக்கும். நம் வீட்டில் அது திறந்தபடி தொங்குகிறது. பக்கத்திலேயே மின்வயர் போகிறது, கீழே அடுப்பு எரிகிறது. தெர்மாகோல் கச்சா எண்ணெயில் இருந்து வரும் பொருள். தீப்பிடித்தால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். கறுப்புப் புகை மூச்சை அடைக்கும். அதற்கு மேல் எலி, தேள் குடியேறும் தொல்லை வேறு.

மண்ணில் புதைத்தால் மட்காது. உருண்டை உருண்டையாக உதிர்ந்து வாய்க்கால், வயல் எங்கும் போகும். ஆடு மாடு தின்னும், மீன் விழுங்கும். 2017 ஏப்ரலில் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்க விட்டபோது, காற்று அவற்றைக் கரைக்கே தள்ளிவிட்டதைச் செய்தியில் பார்த்துச் சிரித்தோம். அதே காற்றுதான் நம் குப்பைமேட்டுத் தெர்மாகோலையும் குளத்துக்குக் கொண்டு போகிறது.

தெர்மாகோல் தட்டு, குவளைக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை. அலங்காரத் தெர்மாகோலுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. கட்டடத்துக்கும் பெட்டி அடைப்புக்கும் வருவது இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

இதை மறுசுழற்சி செய்ய முடியும். சுத்தமான தெர்மாகோலை இயந்திரத்தில் அழுத்தி, உருக்கிக் கட்டியாக்கி, படச் சட்டம் போன்றவை செய்கிறார்கள். தடை எங்கே என்றால் ஏற்றிச் செல்வதில். ஒரு லாரி நிறைய ஏற்றினாலும் எடை சில நூறு கிலோதான் வரும். டீசலுக்கே கட்டாது என்பதால் காயலான் கடைக்காரர் வேண்டாம் என்கிறார். ஒரு வீட்டுத் தெர்மாகோலுக்கு மதிப்பில்லை. ஊராட்சி முழுவதும் சேர்த்து, மண்ணும் எண்ணெயும் படாமல் ஒரு கொட்டகையில் வைத்தால் வாங்க ஆள் தேட வாய்ப்பு உண்டு. அதுவரை உடையாத பெட்டிகளை அப்படியே பயன்படுத்தலாம். மீன் விற்கும் சகோதரிகள் ஐஸ் வைக்கவும், மற்றவர்கள் கீரை வளர்க்கவும் இவை நன்றாக உதவும்.

ஒன்று மட்டும் செய்யவே வேண்டாம். தெர்மாகோலைப் பெட்ரோலில் கரைத்துப் பசையாக்கி ஓட்டை அடைப்பது பல வீடுகளில் வழக்கம். பெட்ரோல் ஆவி வீட்டுக்குள் நிற்கும்போது ஒரு தீப்பொறி போதும்.

கண்ணாடிப் பஞ்சும் ஃபிரிட்ஜ் பஞ்சும்

அரிசி ஆலை, குளிர்பதனக் கிடங்கு, ஏசி போட்ட பெரிய கடை இவற்றை இடிக்கும்போது மஞ்சள் நிறத்தில் மெத்தென்று ஒரு பஞ்சு வரும். அது கண்ணாடியை உருக்கி இழையாக்கிய பஞ்சு. பழைய கண்ணாடி பாட்டில்களையும் சேர்த்து உருக்கி இதைச் செய்ய முடியும் என்பது நல்ல விஷயம். எரியாது. கல்நாரைப் போல ஆபத்தானதும் இல்லை. ஆனால் தோலில் பட்டால் அரிக்கும், கண்ணில் பட்டால் உறுத்தும், தூசி தொண்டையைக் கமறச் செய்யும். மெத்தென்று இருக்கிறதே என்று தலையணைக்குள், குழந்தை படுக்கைக்குள் வைத்துவிடாதீர்கள். கையில் பட்டால் தேய்க்காமல் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள்.

ஃபிரிட்ஜ் சுவருக்குள் இருக்கும் மஞ்சள் நுரைப் பஞ்சு வேறு வகை. அதைப் பொங்க வைக்க ஒரு வாயு தேவை. முன்பு பயன்படுத்திய வாயுக்கள், வெயிலின் கெட்ட கதிர்களைத் தடுத்து நம்மைக் காக்கும் ஓசோன் படலத்தை அரித்தன. பூமியின் சூட்டையும் கூட்டின. 1987-ல் மாண்ட்ரியல் நகரில் நாடுகள் கூடி, இவற்றை நிறுத்த ஒப்பந்தம் போட்டன. இந்தியாவில் முதல் வகை வாயு 2010-லும், அதற்குப் பதிலாக நுரைக்குப் பயன்பட்ட அடுத்த வகை 2020 ஜனவரி 1-லும் நிறுத்தப்பட்டது. ஆனாலும் பழைய ஃபிரிட்ஜ்களின் பஞ்சுக்குள் அந்த வாயு இன்னும் அடைபட்டிருக்கிறது. இரும்புக்காகப் பிய்த்து எறியும்போது அது வெளியே வருகிறது. கொளுத்தினால் வரும் புகையில் விஷவாயு இருக்கிறது. பழைய ஃபிரிட்ஜை முழுசாகவே கொடுத்துவிட வேண்டும். மின்னணுக் கழிவு விதிகளின்படி, தங்கள் பொருள் பழசானால் மறுசுழற்சிக்குப் போய்ச் சேரச் செய்யும் பொறுப்பு தயாரிக்கும் நிறுவனங்களுக்கு உண்டு. புதிது வாங்கும்போது கடையில் இதைக் கேளுங்கள்.

நம்மிடமே இருக்கும் பொருள்கள்

தென்னங்கீற்றும் பனை ஓலையும் போல வீட்டைக் குளிர்ச்சியாக வைக்கும் கூரை கிடையாது. இரண்டு மூன்று வருஷத்தில் மாற்ற வேண்டும் என்றாலும், கழித்தது எருவாகி மண்ணோடு மண்ணாகிவிடும். ஆனால் தீ? 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் பள்ளிச் சமையல்கூடத்தில் பற்றிய தீ, கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டு போனதை எந்தத் தாயும் மறக்க முடியாது. "கீத்து நல்லதுதானே, அதுக்கே திரும்பிடலாமே" என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அடுப்பும் மின்வயரும் இருக்கும் கூரைக்குக் கீற்று வேண்டாம். முற்றத்துப் பந்தலுக்கும், அடுப்புக்கு எட்டத்தில் உள்ள மாட்டுக் கொட்டகைக்கும் அது பொருத்தம். மேற்குச் சுவருக்கு வெளியே கீற்றுப் பந்தலோ பந்தல் கொடியோ போட்டாலும் சுவர்ச் சூடு குறையும்.

ஓடு. நாட்டு ஓடும் சீமை ஓடும் களிமண்ணில் செய்தவை. ஓடுகளின் இடைவெளி வழியே சூடு வெளியேறும். ஒன்று உடைந்தால் ஒன்றை மாற்றினால் போதும். வீட்டைப் பிரித்தால் எடுத்து இன்னொரு வீட்டுக்குப் போடலாம், விற்கலாம். உடைந்தவற்றைத் தூளாக்கினாலும் மண்ணுக்குக் கேடில்லை.

சுர்க்கித் தளம். மாடி வீட்டுத் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடித்துக் கெட்டிப்படுத்துவார்களே, அதுதான் நம் ஊர் வெப்பத்தடுப்பு. மேலே தட்டோடு பதிப்பார்கள். இடித்த பழைய வீட்டுச் செங்கல்லையே ஜல்லியாக உடைத்து இதற்குப் போடலாம். இதை விட நல்ல மறுசுழற்சி எது? இந்த வேலை தெரிந்த அம்மாக்கள் ஒவ்வொரு ஊரிலும் ஒன்றிரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள். இளையவர்கள் கற்றுக்கொண்டால் கூலியும் உண்டு.

பழைய ஓடு வைத்த கான்கிரீட் தளம். இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய முறை இது. தளத்தின் அடிப்பகுதியில் கம்பிகளுக்கு நடுவே பழைய சீமை ஓடுகளை வைத்துக் கான்கிரீட் போடுவார்கள். அடிப்பகுதிக் கான்கிரீட் பெரும்பாலும் கம்பியைப் பிடித்துக்கொள்ளத்தான் உதவுகிறது என்பதால் பலம் குறையாது. ஓட்டுக்குள் நிற்கும் காற்று சூட்டைத் தடுக்கும், சிமெண்டும் மிச்சமாகும். உலகில் மனிதர்களால் வெளியாகும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்ட் தயாரிப்பால் வருகிறது என்பதை நினைத்தால், இந்த மிச்சம் ஊருக்கும் நல்லது. இந்த முறை தெரிந்த பொறியாளர் அல்லது மேஸ்திரி பார்த்துத்தான் போட வேண்டும்.

வெள்ளைச் சுண்ணாம்பு. எல்லாவற்றிலும் மலிவு இதுதான். கூரையின் மேல் பக்கம் வெள்ளை அடித்தால் வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை சூடு குறைவதை நம் நாட்டில் பல இடங்களில் அளந்து பார்த்திருக்கிறார்கள். வீட்டைப் பொறுத்து இது மாறும். நீற்றிய சுண்ணாம்பை வடிகட்டி, கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, மாசியிலேயே இரண்டு பூச்சு அடித்துவிடலாம். மழையில் கரைந்தால் அடுத்த வருஷம் மறுபடி அடிக்க வேண்டும். கழிவு என்று எதுவும் மிஞ்சாது. சுண்ணாம்பு நீற்றும்போது கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

கழிவில் இருந்து கூரை

குஜராத்தில் அகமதாபாத் நகரத்தில், சேவா அமைப்பில் இருந்து பிறந்த மகிளா ஹவுசிங் டிரஸ்ட் 1994 முதல் ஏழைப் பெண்களின் வீட்டுப் பிரச்சினைகளுக்காக வேலை செய்கிறது. அங்கே தகரக் கூரைக்கும் கல்நார்க் கூரைக்கும் கீழே வெந்துகொண்டிருந்த பெண்கள், கூரைக்கு வெள்ளை அடிப்பதில் தொடங்கிப் பல வழிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். அதே நகரத்தில் பழைய அட்டைப்பெட்டிக் கழிவையும் தென்னை நாரையும் கூழாக்கி, அழுத்தி, தண்ணீர் புகாத பூச்சுக் கொடுத்து 'மோட்ரூஃப்' என்ற கூரைப் பலகை செய்தார்கள். தவணைக் கடனில் அதை வாங்கிப் போட்ட பெண்களும் உண்டு. பால், பழச்சாறு வரும் அட்டைப் பெட்டிகளைத் துண்டாக்கிச் சூட்டில் அழுத்தி ஷீட் செய்வதும் நம் நாட்டில் நடக்கிறது. தென்னை நாருக்கும் அட்டைக் கழிவுக்கும் நம் பக்கத்தில் பஞ்சமா என்ன?

வீட்டில் செய்ய வேண்டியவை

1. ஷீட் வீட்டில் இருப்பவர்கள் ஷீட்டைச் சுரண்ட வேண்டாம், கம்பிப் பிரஷ் போட வேண்டாம். அப்படியே மேலே வெள்ளை அடிக்கலாம். மேலே ஏறி நடக்காதீர்கள். ஷீட் உடைந்து விழுந்து உயிர் போனவர்கள் உண்டு. ஏணியில் நின்று நீளக் குச்சி கட்டிய பிரஷால் அடியுங்கள்.

2. ஷீட்டைக் கழற்ற வேண்டி வந்தால் முதலில் தண்ணீர் தெளித்து நனையுங்கள். ஆணியை, கொக்கியைக் கழற்றி முழு ஷீட்டாக இறக்குங்கள். கட்டிங் மெஷின் போட விடாதீர்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

3. முந்தானையையோ துண்டையோ மூக்கில் கட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். நார் அதற்குள்ளும் புகும். நனைத்துத் தூசி எழாமல் செய்வதுதான் பெரிய பாதுகாப்பு. அதோடு கல்நார்த் தூசிக்கு ஏற்ற முகக்கவசமும் வேண்டும்.

4. உடைந்த துண்டுகளை நனைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, அதை இன்னொரு சாக்கில் வைத்துக் கட்டி, "கல்நார், பிரிக்க வேண்டாம்" என்று எழுதி ஓரமாக வையுங்கள். தூளை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் அதிலேயே போடுங்கள். வேலை செய்தவர் துணியை உதறாமல் தனியாக நனைத்துத் துவையுங்கள்.

5. தெர்மாகோல், நுரைப் பஞ்சு எதையும் கொளுத்தாதீர்கள். வெந்நீர் அடுப்பில் போடுவதும் கொளுத்துவதுதான்.

குழுவில் செய்ய வேண்டியவை

கூரைக் கடன் மனு வரும்போது தொகையையும் தவணையையும் பேசுகிறோம். அதோடு மூன்று கேள்விகளையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிப் பேசுவோம். இந்தப் பொருள் எதில் இருந்து வருகிறது? உடைந்தால், எரிந்தால் என்ன ஆகும்? பழசானால் யார் எடுத்துக்கொள்வார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத பொருள் மலிவு இல்லை. அதன் மிச்ச விலையை நாமோ, நம் பிள்ளைகளோ, குப்பை அள்ள வரும் நம் குழுச் சகோதரியோ கொடுக்க வேண்டி வரும்.

அதற்காக, கையில் இருக்கும் காசுக்கு ஷீட்தான் முடியும் என்று வருகிற உறுப்பினரைக் கூட்டத்தில் குற்றவாளி போல நிறுத்தக் கூடாது. ஓடு போட எவ்வளவு கூடுதலாகும் என்று சேர்ந்து கணக்குப் போடுங்கள். பழைய ஓடு எங்கே கிடைக்கும் என்று விசாரியுங்கள். தவணையை நீட்டித்தால் முடியுமா என்று பாருங்கள். இந்த வருஷம் வெள்ளை அடித்துச் சமாளித்து, சேமித்து, அடுத்த வருஷம் நல்ல கூரை போடலாமா என்றும் யோசிக்கலாம்.

ஒரு வீடு தனியாகச் செய்ய முடியாதது, கட்டி வைத்த கல்நார்ச் சாக்குகளைப் பத்திரமாகச் சேர்ப்பது. அது ஊராட்சி மூலம்தான் முடியும். 2022 முதல் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கிராம சபைக்கு ஒவ்வொரு ஊராட்சிக் கூட்டமைப்பும் இப்படி ஒரு தீர்மானம் கொண்டு போகலாம்:

"உடைந்த கல்நார் ஷீட்டுகளைக் குளத்திலும் சாலைப் பள்ளத்திலும் கொட்டாமல், தனியாகப் பூட்டி வைக்க ஊராட்சி ஓர் இடம் ஒதுக்க வேண்டும். அங்கிருந்து அபாயக் கழிவாக முறைப்படி அப்புறப்படுத்த, மாவட்ட நிர்வாகத்தையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் ஊராட்சி எழுத்து மூலம் கேட்க வேண்டும். தூய்மைக் காவலர்களுக்கு இதற்கான முகக்கவசமும் கையுறையும் தர வேண்டும்."

அதற்கு முன்பு ஒரு சின்ன வேலை இருக்கிறது. உங்கள் குழுவில் ஷீட் வீடு எத்தனை, உடைந்த ஷீட் கிடக்கும் வீடு எத்தனை, தெர்மாகோல் சீலிங் எத்தனை என்று எண்ணி, அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குப் பிரதிநிதிகள் எழுதிக்கொண்டு வாருங்கள். எண்ணிக்கை கையில் இருந்தால்தான் கிராம சபையில் நம் பேச்சு எடுபடும்.